கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும் என்று விற்கும் சேர்வர்: கவனம்

கிளிநொச்சியில் நெல் வாங்கும் கடை ஒன்றுக்கு ஒரு சேர்வர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அடியில் லினக்ஸ் இயங்குதளம், அதற்குள் இரண்டு மெய்நிகர் கணினிகள் (ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் உண்டாக்கி ஓட்டும் கணினிகள்). ஒன்றில் விண்டோஸும் கணக்கு மென்பொருளும். "கரண்ட் போனால் தானாக சஸ்பெண்ட் ஆகும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும்" என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். செய்தும் காட்டினார்கள்: பாஸ் (Pause, இடைநிறுத்தம்) பட்டனை அமத்த எல்லாம் உறைந்து நின்றது, திரும்ப அமத்த ஓடியது.

காலபோக நெல் வந்து குவியும் மாசியில் கரண்ட் போனது. பற்றறிப் பெட்டியான யூபிஎஸ் சில நிமிடம் கத்திவிட்டு அடங்கியது. கரண்ட் வந்தபோது தரவுத்தளம் உடைந்திருந்தது. அன்று எடை பார்த்த நெல்லின் பற்றுச்சீட்டுகளைக் கார்பன் பிரதியைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

காட்டியது வெறும் பாஸ். பாஸ் செய்தால் மெய்நிகர் கணினியின் நினைவகம் சேர்வரின் ராமிலேயே கிடக்கும்; சேர்வர் அணைந்தால் அதுவும் போகும். விண்டோஸுக்குள் 'ஸ்லீப்' கொடுத்தாலும் கதை அதுதான். கரண்ட் வெட்டைத் தாண்டுவது இரண்டே வழிதான்: சேர்வர் அந்த நினைவகத்தை வன்தட்டில் எழுதும் சேவ், அல்லது விண்டோஸ் தானே தன் வட்டில் எழுதும் ஹைபர்னேட்.

ஹைபர்னேட் செய்து தருகிறோம் என்பவரிடம் துருவிக் கேளுங்கள். விர்ட்-மனேஜரில் (மெய்நிகர் கணினிகளை உருவாக்கி நடத்தும் மென்பொருள்) உருவாக்கும் கணினிகளில் சஸ்பெண்டும் (ஸ்லீப்) ஹைபர்னேட்டும் வழக்கமாக 'நோ' என்றுதான் இருக்கும். அந்தக் கணினியின் அமைப்பு எழுதியிருக்கும் லிப்விர்ட் எக்ஸ்எம்எல்லில் பிஎம் (மின் மேலாண்மை) பகுதியைத் திறந்து 'யெஸ்' ஆக்க வேண்டும். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளையை /ஏ சேர்த்து அடித்தால் எது கிடைக்கும், எது ஏன் கிடைக்காது என்று அதுவே சொல்லும். சாதாரண திரை டிரைவரே இருந்தால் ஸ்லீப் கிடைக்காது, மெய்நிகர் கணினிகளுக்கென்று இருக்கும் விர்ட்டியோ அல்லது கியூஎக்ஸ்எல் டிரைவர் போட வேண்டும். உள்ளே லினக்ஸ் என்றால் 8 ஜிபி ராமுக்கு 2 ஜிபி ஸ்வாப் (நினைவகத்தை எழுதிவைக்க வன்தட்டில் ஒதுக்கும் இடம்) காணாது, ராமின் அளவாவது இருப்பது நல்லது. எந்த ஸ்வாப்பிலிருந்து எழும்புவது என்று தெரியாவிட்டால் அது புதிதாகவே பூட் ஆகும், திறந்து வைத்த வேலை போய்விடும்.

வன்னிக் கடைகளுக்கு சேவ்தான் நல்லது. உள்ளே இருக்கும் விண்டோஸிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் (சேர்வர் அணையும்போதும் எழும்பும்போதும் மெய்நிகர் கணினிகளைக் கவனிக்கும் சேவை) அமைப்பில் ஆன்_ஷட்டவுன் என்ற வரி 'சஸ்பெண்ட்' என்று இருந்தால், சேர்வர் அணையும்போது எல்லாவற்றையும் வன்தட்டில் எழுதிவைக்கும்; இங்கே சஸ்பெண்ட் என்பது சேவ்தான். ஆனால் கரண்ட் போனது சேர்வருக்குத் தெரிந்தால்தானே அணையும்? அந்தக் கடையில் யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயர் பொலித்தீன்கூடப் பிரிக்காமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வயரைக் கொழுவி யூபிஎஸ் சொல்வதைக் கேட்டு சேர்வரை அணைக்கும் நட் (NUT) மென்பொருளையும் போட வேண்டும்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். 16 ஜிபியை நொடிக்கு 100 எம்பி எழுதும் பழைய வன்தட்டில் எழுத ஏறத்தாழ 160 நொடி; பற்றறி அதற்கு மேலும் தாங்க வேண்டும். எழும்பிய பிறகு உள்ளே மணிக்கூடு பின்தங்கி நிற்கலாம், பில்லில் நேற்றைய திகதி விழும். கெஸ்ட் ஏஜெண்ட் (மெய்நிகர் கணினிக்குள் இருந்து சேர்வரோடு பேசும் சிறு மென்பொருள்) போட்டு நேரத்தை ஒத்திசைக்கச் சொல்லுங்கள்.

மிச்சக் காசைக் கொடுக்கும் முன் விண்டோஸில் நோட்பேடைத் திறந்து ஒரு வரி அடியுங்கள், சேமிக்க வேண்டாம். யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பொறுங்கள். சேர்வர் தானாக அணைய வேண்டும். திரும்பப் போட்டதும் அந்த வரி அப்படியே திரையில் நிற்க வேண்டும்.