30 நாள் டாரட் ஒர்க்புக்: காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"தமிழில் டாரட், 30 நாளில் 78 கார்டும் கைவசம், செய்முறை ஒர்க்புக் உண்டு." இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி விளம்பரம் பார்த்து 4,999 ரூபாய் கட்டியதற்கு வந்து சேர்ந்தவை மூன்று: 112 பக்க பிடிஎஃப், ஒரு டாரட் கட்டு (குறி பார்க்கும் 78 படச் சீட்டுகள்), வாட்ஸ்அப் குழுவில் இடம். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள். சரக்கு அதேதான் இருக்கும். அதனால் சரக்கை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கணக்கே உதைக்கிறது. தினமும் கட்டைக் கலைத்து ஒரு கார்டு எடு, பொருள் எழுது, திரும்ப உள்ளே வை: இதுதான் ஒர்க்புக்கின் முக்கியப் பயிற்சி. இப்படி 30 நாள் எடுத்தால் சராசரியாக 25 கார்டுதான் கண்ணில் படும், வந்ததே திரும்பத் திரும்ப வரும். 78-ம் ஒருமுறையாவது வந்து முடிய சராசரியாக 385 நாள் பிடிக்கும். எடுத்த கார்டைத் தனியே வைத்துவிட்டு மீதியிலிருந்து எடுத்தால் 78 நாளில் வேலை முடிந்தது. அதைக்கூட யோசிக்காமல்தான் பாடம் போட்டிருக்கிறார்கள்.

பிடிஎஃப் முழுக்க எந்திர மொழிபெயர்ப்பு. பேஜ் ஆஃப் கப்ஸ் 'கோப்பைகளின் பக்கம்' ஆகிவிட்டது. பேஜ் என்பது அரண்மனையில் ஏவல் செய்யும் பையன், புத்தகத்தின் தாள் அல்ல. ராஜா, ராணி, நைட், பேஜ் சேர்ந்த 16 கோர்ட் கார்டுகளும் 'நீதிமன்ற அட்டைகள்'. கோர்ட் என்றால் இங்கே அரசவை. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அடுத்த தவறு கற்பவரையே குழப்பிவிடும்.

கட்டில் இருப்பது ரைடர்-வெயிட் படங்கள்: 1909-ல் லண்டனில் வெளியானது, ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்ல பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. 56 மைனர் கார்டுகளில் பெரும்பாலானவற்றில் ஆட்களோடு காட்சி இருப்பதால்தான் புதியவர்களுக்கு இதைக் கொடுப்பார்கள். ஒர்க்புக்கிலோ பொருள் பாதிக்கு மேல் அலெஸ்டர் குரோலி உருவாக்கிய தோத் என்ற வேறொரு டாரட் கட்டிலிருந்து எடுத்தது. தோத்தில் சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸின் தலைப்பு 'சயன்ஸ்'. ரைடர்-வெயிட்டில் அதே கார்டில் ஒரு பெண்ணும் குழந்தையும் படகில் கரை கடக்கிறார்கள். படகைப் பார்த்துக்கொண்டு 'அறிவியல், ஆராய்ச்சி' என்று எழுதினால் எதைத்தான் கற்பது? பிறந்த தேதியைக் கூட்டி மேஜர் கார்டு (மைனர் போக மீதி 22) பார்க்கும் பயிற்சியிலும் இதே கூத்து. மார்சேய் என்ற பழைய பிரெஞ்சு டாரட் கட்டில் 8 ஜஸ்டிஸ், 11 ஸ்ட்ரெங்த். வெயிட் இரண்டையும் இடம் மாற்றினார். ஒர்க்புக்கில் 8-க்குப் படம் ஸ்ட்ரெங்த், பொருள் ஜஸ்டிஸ். (முதல் பாடத்தில் '5000 ஆண்டு எகிப்திய ரகசியம்' என்றும் இருக்கிறது. டாரட் 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. எகிப்துக் கதையை 1781-ல் கிளப்பிவிட்டவர் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சு எழுத்தாளர்; அப்போது எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை.)

கட்டுக்கு வருவோம். வழக்கமான அளவு ஏறக்குறைய 7 × 12 செ.மீ. வந்தது 6 × 10.3. உள்ளே கையேடு இல்லை, ஒரு கார்டில் க்யூஆர் கோடு மட்டும். அட்டை மெல்லியது, இரண்டாம் வாரமே ஓரம் வளைந்து கலைக்கும்போது ஒட்டிக்கொள்கிறது. படத்தின் கீழ் மூலையில் ஸ்மித்தின் கையொப்பக் குறி வெறும் கறை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பின்பக்க ஓரம் மேலே அகலம், கீழே குறுகல். கார்டு தலைகீழாக இருப்பது திருப்பும் முன்பே தெரிந்துவிடுகிறது. தலைகீழாக விழும் கார்டுக்கு வேறு பொருள் சொல்லும் ரிவர்ஸ் பயிற்சி அத்தோடு செத்தது. ஸ்மித் 1951-ல் காலமானார், அவர் படங்களுக்கு இந்தியாவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. எனவே அச்சடித்ததில் குற்றமில்லை, 'ஒரிஜினல் இறக்குமதி' என்று விற்றதுதான் மோசடி.

'செய்முறைப் பயிற்சி' என்ற 112 பக்கத்தில் 78 பக்கம் ஒரே அச்சு: "இந்தக் கார்டு உங்களிடம் என்ன பேசுகிறது?", கீழே பத்து வெற்றுக் கோடு. உருப்படியான பயிற்சி வேறு மாதிரி இருக்கும். டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லும். இரண்டிலும் பெண்ணின் கண் கட்டியிருக்கிறது. ஒருத்தி வாளைத் தானே பிடித்து உட்கார்ந்திருக்கிறாள், இன்னொருத்தியைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். 5 நிமிடம், புத்தகம் பார்க்காமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது, பிறகு பொருளுக்குப் போ என்று சொல்லும். தினக் கார்டுக்குக் காலையில் எழுதுவது மாலையில் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'மனம் சற்றுக் கலங்கும்' என்று எழுதினால் எந்த நாளுக்கும் பொருந்தும், அதில் கற்க ஒன்றுமில்லை.

இதைவிட ஆபத்து கடைசி 14 பக்கம். 'மனத்தடைப் பயிற்சி' என்ற பெயரில் கடன், கணவன் மனைவி சண்டை, பிறந்த நேரம் எல்லாம் எழுதி, திருத்தித் தருவதாகச் சொல்லி போட்டோ கேட்கிறார்கள். இரண்டு நாளில் தனிச் செய்தி வருகிறது: "உங்களுக்குப் போட்ட கெல்டிக் கிராஸில் டவர் வந்திருக்கிறது, தடை நீக்க 11,000." கெல்டிக் கிராஸ் என்பது 10 கார்டு பரப்பிப் பார்க்கும் முறை. பயமுறுத்த உதவும் டெத், டெவில், டவர் மூன்றில் ஒன்றாவது விழும் வாய்ப்பு ஏறக்குறைய 34 சதவீதம். மூன்று பேரில் ஒருவருக்கு அது தானாகவே வரும். டெத் கார்டுக்குச் சாவு என்று பொருள் சொல்பவர் டாரட்டே படிக்காதவர். அந்தப் பக்கங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

'டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை' என்பார்கள். விளம்பரம், உரையாடல் ஸ்கிரீன்ஷாட், யூபிஐ பணப் பரிமாற்றத்தின் 12 இலக்க யூடிஆர் எண் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போடலாம், கட்டிய பணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணமில்லை. தடை நீக்கப் பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

இனிமேல் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இரண்டே பக்கம் மாதிரி கேளுங்கள்: சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் ஒன்று, ஏதாவது ஒரு பேஜ் கார்டு ஒன்று. படகுக்குக் கீழே 'அறிவியல்' என்றோ, பையனுக்கு மேலே 'பக்கம்' என்றோ இருந்தால் பதில்கூடப் போட வேண்டாம்.