தோற்ற கட்சியை அடுத்த தலைவர் வரும்வரை யார் கையில் கொடுப்பது?

தேர்தலில் தோற்ற கட்சியின் தலைவர் விலகுவதாக அறிவித்த உடனே எல்லோர் கண்ணும் அடுத்த தலைவர் யார் என்பதற்குத் தாவிவிடுகிறது. நடுவில் கிடக்கும் நாலு மாதமோ இரண்டு வருடமோ கட்சியை யார் நடத்தினார்கள் என்று பெரிதாக யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த நடுக்காலம்தான் முக்கியமாகப் படுகிறது. புது அரசு தன் முதல் பட்ஜெட்டையும் முதல் சட்டங்களையும் கொண்டுவருவது அப்போதுதான். எதிர்த்துக் கேட்க ஆள் வேண்டியதும் அப்போதுதான்.

இதற்குப் பல கட்சிகள் பல வழி வைத்திருக்கின்றன. தோற்றவரே காபந்துத் தலைவராகத் தொடரலாம், துணைத் தலைவர் பொறுப்பேற்கலாம், அல்லது நிரந்தரப் பதவிக்கு நிற்கமாட்டேன் என்று சொல்லும் ஒருவரை உட்காரவைக்கலாம். என் ஓட்டு கடைசி வழிக்கு.

முதலில் துணைத் தலைவர் வழி. பிரிட்டன் தொழிற்கட்சியில் ஹாரியட் ஹார்மன் இரண்டு முறை இதைச் செய்தார். 2010இல் கோர்டன் பிரௌன் விலகியபோது ஒரு முறை, 2015இல் எட் மிலிபாண்ட் விலகியபோது இன்னொரு முறை. முதல் முறை பெரிய சிக்கல் இல்லாமல் போனது. இரண்டாவது முறை நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

2015 ஜூலையில் கன்சர்வேட்டிவ் அரசு நலத்திட்ட உதவிகளைக் குறைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் வரிச்சலுகை உதவியை இரண்டு குழந்தைகளோடு நிறுத்தும் பிரிவும் உண்டு. அடுத்தடுத்து இரண்டு தேர்தலில் தோற்ற பிறகு, மக்கள் சொன்னதைக் காதில் வாங்காமல் எல்லாவற்றையும் எதிர்க்க முடியாது என்பது ஹார்மனின் நிலை. கட்சி ஒரு திருத்தத் தீர்மானம் வைத்தது. அது தோற்றதும், மசோதா மீதான வாக்கெடுப்பில் ஒதுங்கி நிற்கும்படி கட்சி எம்.பி.க்களுக்கு உத்தரவு. ஜூலை 20 இரவு 48 பேர் அதை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தலைவர் பதவிக்கு நின்ற நால்வரில் ஆண்டி பர்ன்ஹாம், இவெட் கூப்பர், லிஸ் கெண்டல் மூவரும் ஒதுங்கினார்கள். ஜெரமி கோர்பின் மட்டும் எதிர்த்தார். செப்டம்பர் 12 அன்று 59.5 சதவீத வாக்கோடு அவர்தான் தலைவர்.

அந்த ஒரு ராத்திரியால்தான் கோர்பின் ஜெயித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலு மாதம் இருக்கப்போகும் ஒருவர், கட்சியின் அடிப்படைக் கொள்கையைத் தொடும் விஷயத்தில் முடிவெடுத்தார். அந்த முடிவுக்குப் போட்டியாளர்கள் விலை கொடுத்தார்கள். இடைக்காலத் தலைவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று யாரும் முன்கூட்டி வரையறுக்காததுதான் கோளாறு.

அப்புறம், தோற்றவரே தொடரும் வழி. பிரிட்டன் கன்சர்வேட்டிவ் கட்சியின் பழக்கம் இது. இதில் நல்ல உதாரணமும் உண்டு. 2005 மே மாதம் தோற்ற மைக்கேல் ஹோவர்ட் உடனே ஓடிவிடவில்லை. டிசம்பர் வரை இருந்தார். இருந்த காலத்தில் நிழல் அமைச்சரவையை, அதாவது அரசின் ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிரே நின்று கேள்வி கேட்க எதிர்க்கட்சி வைக்கும் அணியை மாற்றி, ஜார்ஜ் ஆஸ்பர்னுக்கு நிதியையும் டேவிட் கேமரனுக்குக் கல்வியையும் கொடுத்தார். இளையவர்களுக்குத் தங்களைக் காட்ட நேரம் கிடைத்தது. அக்டோபரில் பிளாக்பூல் மாநாட்டில் கேமரன் குறிப்பில்லாமல் பேசிய பேச்சு, தலைவர் போட்டியில் முன்னணியில் இருந்த டேவிட் டேவிஸைப் பின்னுக்குத் தள்ளியது.

2024இல் ரிஷி சுனக்குக்கு அந்த வசதி இல்லை. 121 எம்.பி.க்கள்தான் மிச்சம். கிராண்ட் ஷாப்ஸ், பென்னி மோர்டாண்ட் மாதிரியானவர்கள் தொகுதியையே இழந்துவிட்டார்கள். ஜூலை 8 அன்று மிஞ்சியவர்களை வைத்து இடைக்கால நிழல் அமைச்சரவை அமைத்தார். கெமி பேடனாக், ஜேம்ஸ் கிளெவர்லி, டாம் டுகென்டாட், மெல் ஸ்ட்ரைட் நால்வரும் அதிலே இருந்துகொண்டே தலைவர் பதவிக்கும் போட்டியிட்டார்கள். வேலை நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. முதியவர்களின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை அரசு வெட்டியபோது எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்து, 348க்கு 228 என்று தோற்றாலும் விஷயத்தைப் பேசவைத்தார்கள். ஆனால் அக்டோபர் 30 பட்ஜெட்டைப் பாருங்கள். ஏறக்குறைய 40 பில்லியன் பவுண்ட் வரி உயர்வு. அதற்கு எதிர்க்கட்சித் தலைவர் என்ற முறையில் பதில் சொல்ல எழுந்தவர் சுனக். மூன்றே நாளில், நவம்பர் 2 அன்று, பேடனாக் அந்த இடத்துக்கு வந்தார். அந்த பட்ஜெட்டோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியவர், அது தாக்கலான அன்று தலைவரின் இடத்தில் இல்லை.

இந்தியாவில் காங்கிரஸ் கதை நமக்கெல்லாம் தெரியும். 2019இல் 52 இடம், ராகுல் விலகல், ஆகஸ்ட் 10 அன்று சோனியா இடைக்காலத் தலைவர். கார்கே தேர்ந்தெடுக்கப்பட்டது 2022 அக்டோபரில். மூன்று வருடத்துக்கு மேல்! நடுவில் 2020 ஆகஸ்டில் 23 தலைவர்கள், முழுநேரமும் கண்ணில் படுகிற தலைமை வேண்டும் என்று கடிதமே எழுதினார்கள். முடிவுத் தேதி இல்லாத இடைக்காலம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி 2013இல் கிறிஸ் போவனை இடைக்காலத் தலைவராக வைத்து, கட்சி உறுப்பினர்களிடமும் ஓட்டு வாங்கி, ஒரே மாதத்தில் பில் ஷார்ட்டனைத் தேர்ந்தெடுத்து முடித்தது. மனசு வைத்தால் முடிகிறது.

சரி, நிரந்தரப் பதவிக்கு நிற்காதவரை உட்காரவைக்கும் கடைசி வழிக்கு எனக்குப் பிடித்த உதாரணம் கனடா. அங்கே லிபரல் கட்சி பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2008இல் தோற்ற ஸ்டெஃபான் டியோன் காபந்துத் தலைவராக இருந்தபடியே, அரசைக் கவிழ்க்கக் கூட்டணி பேசினார். நாட்டு மக்களுக்கு அவர் பேசிய வீடியோ தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தாமதமாக வந்தது, அதுவும் மங்கலாக. ஒரு வாரத்தில் மைக்கேல் இக்னாடியஃப் இடைக்காலத் தலைவர். போட்டியில் இருந்த பாப் ரே ஒதுங்கிக்கொள்ள, இக்னாடியஃப் அப்படியே நிரந்தரமானார். 2011இல் அவர் தலைமையில் 34 இடம், வரலாற்றில் முதல்முறையாக மூன்றாம் இடம், அவருடைய தொகுதியும் போச்சு. இந்த முறை இடைக்காலப் பொறுப்பு ரேயிடமே வந்தது, நிரந்தரப் பதவிக்கு நிற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. நிபந்தனையைத் தளர்த்தி அவரே நிற்பார் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. 2012 ஜூனில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். களம் திறந்தது, ஜஸ்டின் ட்ரூடோ வந்தார். ரே போட்டியாளராகவும் இருந்திருந்தால், அவர் நாடாளுமன்றத்தில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அவர் பிரச்சாரமாகவே பார்க்கப்பட்டிருக்கும்.

2015இல் பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் தோற்றதும் அங்கே கன்சர்வேட்டிவ் கட்சியும் இதே வழிக்கு வந்து, ரோனா ஆம்ப்ரோஸைத் தேர்ந்தெடுத்தது. பதினெட்டு மாதம் அதிகம்தான், ஆஸ்திரேலியாவின் வேகம் இருந்திருக்கலாம். விதியை மாற்றி அவரையே நிறுத்தலாம் என்று ஆதரவாளர்கள் கிளம்பினார்கள். அவர் இசையவில்லை. 2017 மே 27 அன்று ஆண்ட்ரூ ஷியர் 13ஆவது சுற்றில் 50.95 சதவீதத்தில் ஜெயித்தார். ஆம்ப்ரோஸ் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, ஜூலையில் எம்.பி. பதவியிலிருந்தும் விலகிக்கொண்டார்.