நூறு பேருக்கு எத்தனை லைன்?

அலுவலகத்தில் நூறு பேர் வேலை செய்தால் நூறு போன் லைன் வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் எத்தனை போதும் என்று கேட்டால் பலரும் தலையைச் சொறிவார்கள். உச்ச நேரத்தில் எத்தனை வெளி அழைப்புகள் ஒன்றாக ஓடுகின்றன என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். கால் சென்டர் இல்லையென்றால் அந்த எண் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். பழைய பெட்டி, சொந்த சர்வர், கிளவுட் என்ற மூன்று வழிகளில் எது நமக்குச் சரி என்பதை முடிவு செய்வதே அந்த எண்தான்.

பழைய பிபிஎக்ஸ் பெட்டியில் (அலுவலகப் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைன்களோடும் இணைக்கும் கருவி), பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் இ1 வகை பிஆர்ஐ டிஜிட்டல் லைன் ஒன்று இருந்தால் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். 31-வது ஆளுக்காக இன்னொரு லைன், இன்னொரு கார்டு. பெட்டியில் இடம் இல்லையென்றால் இன்னொரு பெட்டியே வாங்க வேண்டும். இருந்தாலும் இதை மட்டம் தட்ட மாட்டேன். பேசி முடிக்கும்வரை நொடிக்கு 64 கிலோபிட் பாதை உங்களுக்கு மட்டும்தான். பக்கத்து அறையில் யார் எதை டவுன்லோடு செய்தாலும் குரல் பிசிறாது.

அடுத்தது, சொந்த சர்வரில் ஐபி பிபிஎக்ஸ் (அதே பெட்டியின் வேலையைக் கணினி நெட்வொர்க்கில் செய்யும் மென்பொருள்), வெளியுலகத்துக்கு எஸ்ஐபி டிரங்க் (இன்டர்நெட் இணைப்பு வழியாக வரும் போன் லைன்). 1999-ல் வந்த ஆஸ்டெரிஸ்க் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். சேனலை (ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு) கூட்டுவதும் குறைப்பதும் சேவை நிறுவனத்தின் பக்கம் ஒரு செட்டிங் மாற்றம், அவ்வளவுதான். குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 கோடெக் முறையில் ஓர் அழைப்புக்கு, ஒவ்வொரு துண்டோடும் போகும் முகவரித் தகவல்கள் எல்லாம் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 90 கிலோபிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். 30 அழைப்புக்கு மூன்று மெகாபிட் கூட வராது. அப்புறம் ஏன் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது? பெரும்பாலும் பேண்ட்வித் குறைவதால் அல்ல, குரலைத் துண்டு துண்டாகச் சுமக்கும் பாக்கெட்டுகள் சீராக இல்லாமல் முன்பின்னாக வந்து சேர்வதால். ஒருபக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, அழைப்புத் தகவல்களை நடுவில் புகுந்து திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணைத்துவிட்டாலே பாதிப் புகார் நின்றுவிடும். இன்னொன்று: பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால், நீங்கள் தூங்கும்போது யாரோ உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் இந்த வழி வேண்டாம்.

ஆள் இல்லாதவர்களுக்குத்தான் கிளவுட் பிபிஎக்ஸ். பெட்டியே கிடையாது, எல்லாம் சேவை நிறுவனத்தின் சர்வரில் இன்டர்நெட் வழியாக ஓடும். புதிதாக வந்தவரைச் சேர்க்கச் சில நிமிடம் போதும். வீட்டிலிருந்தும் ஆப் வழியாக அதே எண்ணில் பேசலாம். மாட்டிக்கொள்ளும் இடம் கட்டணம். பொதுவாகத் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்குவார்கள். ஒரே நேரத்தில் எட்டு அழைப்புக்கு மேல் போகாத அலுவலகமும் நூறு தலைக்குக் கட்டும். பத்துப் பேர் உள்ள இடத்தில் இது உறுத்தாது, நூறைத் தொடும்போது நிச்சயம் உறுத்தும்.

இன்டர்நெட் அறுந்த நாளில்தான் இவற்றின் குணம் தெரியும். சொந்த ஐபி பிபிஎக்ஸில் உள்ளுக்குள் பேச்சு நடக்கும், வெளியே பேச முடியாது. கிளவுடில் பக்கத்து மேசைக்குக்கூடப் பேச முடியாமல் போகலாம். ஆனால் வாடிக்கையாளரின் அழைப்பை மொபைலுக்குத் திருப்பிவிடலாம், ஏனென்றால் மூளை வெளியே இருக்கிறது. கரண்ட் போனால் இரண்டுக்குமே யுபிஎஸ் வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வாங்கிக்கொள்ளும் செம்புக் கம்பிப் போனுக்கு அந்தக் கவலை இல்லை. லிஃப்டின் அவசரப் போன், அலாரம், ஃபேக்ஸ் மூன்றையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

ஓடுகிற பெட்டி கையில் இருந்தால் என் ஓட்டு இடைவழிக்கு: பெட்டி இருக்கட்டும், ஒரு கேட்வே (பழைய பெட்டிக்கும் எஸ்ஐபிக்கும் நடுவே மொழிமாற்றும் கருவி) வைத்து எஸ்ஐபி டிரங்க்கை மட்டும் அதில் இணையுங்கள். மேசைப் போன்களைத் தொடவே வேண்டாம். எதற்கு மாறினாலும், பழைய எண் புதிய இடத்தில் மணி அடித்த பிறகே பழைய லைனை ரத்து செய்யுங்கள். முந்திக்கொண்டால் லைனோடு எண்ணும் போய்விடும்.