சாக்லேட் உருக்க வெந்நீரா, மைக்ரோவேவா?

பிரவுனி மாவில் கலக்க 100 கிராம் உருக்கினால் போதும் என்றால், என் ஓட்டு மைக்ரோவேவுக்குத்தான். பாதி சக்தியில் 30 நொடி, எடுத்து ஒரு கிளறல், அப்புறம் 15 நொடி. இளகிய பிறகும் துண்டுகள் உருவம் மாறாமல் நிற்கும். அதைப் பார்த்து ஏமாந்து இன்னும் சூடாக்கினால் நடுவில் கருகிவிடும்.

பழத்தையோ பிஸ்கட்டையோ முக்கியெடுக்க வேண்டுமா? அப்போது வெந்நீர் முறை. லேசாகக் கொதிக்கும் நீருக்கு மேல், அடி நீரில் படாதபடி கிண்ணத்தை வையுங்கள். சூடு மெதுவாக ஏறும், நெடுநேரம் இளகியே இருக்கும். பயப்பட வேண்டியது நீராவிக்கு. சில சொட்டு ஈரம் சேர்ந்தாலே சாக்லேட் மொத்தமும் மண்போலத் திரண்டுவிடும். ஊற்றும் முன் கிண்ணத்தின் அடியைத் துடைத்தே ஆகவேண்டும், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

எந்த முறையானாலும் டார்க் சாக்லேட் 50 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். பால், வெள்ளை வகைகளுக்கு 45.