குதிகாலா, சிரையா? பச்சிளம் குழந்தைக்குப் பிலிருபின் பார்க்க ரத்தம் எடுக்கும் முறைகள்

பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் முகத்தில் மஞ்சள் ஏறினால், அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமியை அளக்க வேண்டும். அதற்கான ரத்தத்தைக் குதிகாலில் குத்தி எடுப்பதா, சிரையில் ஊசி ஏற்றி எடுப்பதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஆய்வகத்தில் அந்தக் குழாய்களைக் கையாளும் நான், கைதேர்ந்தவர் இருக்கும் இடத்தில் சிரையின் பக்கம்.

குதிகால் முறைக்குச் சில துளிகள் போதும், பழகுவதும் சுலபம். ஆனால் அதற்கு நிதானம் வேண்டும். வெதுவெதுப்பான துணியால் பாதத்தைச் சில நிமிடங்கள் சூடேற்ற வேண்டும். குதிகாலின் அடிப்பக்கத்தில் இரு ஓரங்களில் மட்டுமே, 2 மி.மீ. ஆழத்துக்கு மிகாமல் குத்த வேண்டும். குதிகாலின் பின்வளைவில் எலும்பு தோலை ஒட்டியே இருப்பதால் அங்கே கூடவே கூடாது. ஸ்பிரிட் காய்ந்திருக்க வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். அவசரத்தில் இவையெல்லாம் போய், பாதத்தைப் பிழிவதுதான் மிஞ்சுகிறது. பிழிந்தால் சிவப்பணுக்கள் உடையும். சுழற்றி எடுத்த குழாயில் மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். பிலிருபினை நிறமாற்றத்தால் அளக்கும் டையாசோ முறையில் அந்தச் சிவப்பு பிலிருபின் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். மறுபடியும் ரத்தம் கேட்டு வார்டுக்குச் சொல்லி அனுப்பும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அந்தக் குழந்தைக்கு இன்னொரு குத்து.

சிரையில் ஒரே முறையில், பிழியாமல், போதுமான ரத்தம் கிடைக்கிறது. நிறைமாதக் குழந்தைகளுக்கு இதில் வலியும் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழகாத கை என்றால் மட்டும் கணக்கு மாறிவிடும்; சிரையைத் தேடித் தேடிக் குத்துவதற்குக் குதிகாலே மேல்.

ஊசியே இல்லாமல் தோலில் வைத்து ஒளியால் அளக்கும் கருவி 1980 முதல் இருக்கிறது. முதல் சல்லடையாக அது அருமையானது. மஞ்சளைக் குறைக்க விளக்கொளியில் குழந்தையை வைக்கும் ஒளிச் சிகிச்சையில் தோல் வெளுத்துவிடுவதால், அந்த நேரத்தில் அதை நம்ப முடியாது. கருவி டெசிலிட்டருக்கு 15 மி.கி. அல்லது அதற்கு மேல் காட்டினாலோ, ஒளிச் சிகிச்சை தொடங்க வேண்டிய வரம்புக்கு 3 மி.கி. நெருக்கத்தில் வந்தாலோ ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதல்.

எப்படி எடுத்தாலும் வெளிச்சம்தான் பொது எதிரி. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயிலில் கிடந்த ஒரு ரத்தக் குழாயில் பிலிருபின் எதிர்பாராத அளவுக்குக் குறைந்திருந்தது. ஒளிச் சிகிச்சைக்கு வழிகாட்டிய தடயங்களில் அதுவும் ஒன்று. குழந்தையைக் குணப்படுத்தும் அதே ஒளி, குழாயில் பட்டால் முடிவைப் பொய்யாக்கிவிடும். ஆகவே ரத்தம் எடுக்கும்போது சிகிச்சை விளக்கை அணையுங்கள், குழாயை உடனே அலுமினியத் தாளில் சுற்றுங்கள், ஜன்னலோரம் வைக்காதீர்கள். எடுத்த மணியையும் மறக்காமல் எழுதுங்கள். பிறந்து 30 மணி நேரத்தில் வரும் 12 மி.கி.க்கும் 90 மணி நேரத்தில் வரும் 12 மி.கி.க்கும் மருத்துவர் எடுக்கும் முடிவு வேறு வேறு.