ப்ரீபோமேக்ஸ்: பீமின் முனைகளைச் சரியாகப் பிடிக்க உதவும் இலவச மென்பொருள்

பீம் (உத்தரம்) வளையும் கணக்கில் பளுவை வைப்பது எளிது. முனைகளை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் விடையே இருக்கிறது. ஆகவே ப்ரீபோமேக்ஸை இந்த ஒரு வேலைக்காக மட்டும் மதிப்பிடுகிறேன். பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அதன் வளைவையும் விசைகளையும் கணிக்கும் கால்குலிக்ஸ் கணக்குப்பொறிக்கு முகப்பாக அமைந்த இலவச மென்பொருள் இது. ஸ்லோவேனியாவின் மாரிபோர் பல்கலைக்கழகத்தில் உருவானது.

எந்த மென்பொருள் கைக்கு வந்தாலும் நான் முதலில் கொடுப்பது ஒரே பீம்தான்: 1000 மிமீ நீளம், 20 மிமீ அகலம், 40 மிமீ உயரம், எஃகு, நடுவில் 1000 நியூட்டன் பளு. இரு முனைகளும் தடையின்றிச் சுழலுமானால் நடுத் தாழ்வு 0.93 மிமீ, தகைவு (ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை) சுமார் 47 மெகாபாஸ்கல். முனைகளை இறுக்கிவிட்டால் தாழ்வு நாலில் ஒரு பங்கு, தகைவு பாதி. விடைகளைக் கையாலேயே போட்டுவிடலாம் என்பதால் மென்பொருள் எதையும் மறைக்க முடியாது.

ப்ரீபோமேக்ஸில் ‘ஃபிக்ஸ்டு’ என்ற கட்டுப்பாடு ஒரே சொடுக்கில் முகம் முழுவதையும் பிடித்துவிடுகிறது. சுவரில் பதித்த பீமுக்கு அது பொருந்தும், மற்றவற்றுக்கு வேண்டாம். நான் எப்போதும் நாடுவது ‘டிஸ்பிளேஸ்மென்ட்/ரொட்டேஷன்’ சாளரத்தை. யூ1, யூ2, யூ3 என்ற மூன்று திசை நகர்வுகளையும் (இங்கே யூ1 பீமின் நீளவாக்கு) தனித்தனியே பிடிக்கலாம், விடலாம். அதே சாளரத்தில் சுழற்சிகளும் வரிசையாக இருக்கின்றன. ஆனால் திண்ம உறுப்புகளின் (பீமைப் பிரித்த முப்பரிமாணத் துண்டுகளின்) நோடுகளுக்கு, அதாவது அவற்றை இணைக்கும் புள்ளிகளுக்கு, சுழற்சியே கிடையாது. அங்கே சுழற்சியைப் பூட்டுவதால் பயன் ஒன்றும் இல்லை. புதிதாக வருபவர்களுக்கு இதை அங்கேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இனி, என்னை இந்த மென்பொருளோடு கட்டிப்போட்ட சோதனை. பீமின் இரு முனைகளிலும் அடிவிளிம்பை மட்டும் தேர்ந்து, மூன்று திசைகளிலும் பிடியுங்கள். பார்க்க, முனை தடையின்றிச் சுழலும் எளிய தாங்கல் போலவே இருக்கும். ஆனால் பீம் தாழும்போது அதன் அடிப்பகுதி நீளப் பார்க்கிறது. இரு பக்கமும் பூட்டியிருப்பதால் நீள முடியவில்லை. அந்தத் தடை பீமையே நிமிர்த்துகிறது. கைக்கணக்கில் தாழ்வு 0.41 மிமீயாகக் குறைகிறது, பாதிக்கும் கீழே! 1000 நியூட்டன் பளுவுக்கு ஒவ்வொரு முனையிலும் சுமார் 4,690 நியூட்டன் கிடைவிசை பிறக்கிறது. வண்ணப் படத்தில் இதற்கு எந்த அடையாளமும் இல்லை. மொத்த எதிர்விசையைக் கேட்டாலும் இரு முனை விசைகளும் எதிரெதிராக அடிபட்டுச் சுழியம் என்றுதான் வரும். ஒவ்வொரு முனைக்கும் தனி நோடு தொகுப்பு வைத்து, ஹிஸ்டரி அவுட்புட்டில் (எண்களாகத் தரும் விடைப் பட்டியலில்) ஆர்எஃப், அதாவது எதிர்விசை, கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். இதற்கான வசதி மெனுவில் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. ஒரு முனையில் யூ1ஐ விட்டுவிட்டால் விசை போய்விடும், தாழ்வும் 0.93 பக்கம் திரும்பும்.

இன்னும் நேர்த்தியான வழியும் உண்டு. முனை முகத்தின் நடுவில் ரெஃபரன்ஸ் பாயின்ட் (ஒரு துணைப்புள்ளி) வைத்து, முகத்தை வளையாத ஒரே துண்டாக்கும் ‘ரிஜிட் பாடி’ கட்டுப்பாட்டால் அதனோடு சேர்த்து, அந்தப் புள்ளியை மட்டும் பிடிக்க வேண்டும். இங்கே சுழற்சிக்கு உண்மையிலேயே பொருள் உண்டு: வளையும் அச்சைச் சுற்றிய சுழற்சியை விட்டுவிட்டு, நீள அச்சைச் சுற்றிய முறுக்கை ஒரு முனையில் மட்டும் பூட்டினால் போதும். விடை 0.93ஐச் சற்றே தாண்டும். அது வெட்டு விசையின் பங்கு, பிழையல்ல. முகம் விறைத்துப்போவதால் முனையருகே தகைவு கொஞ்சம் பொய் சொல்லும். நடுவில் எடுக்கும் எண்ணை அது தொடாது.

குறையைச் சொல்ல வேண்டுமென்றால், இது வரைபட மென்பொருள் அல்ல. முகத்தின் நடுவே ஒரு கோட்டில் தாங்கல் வேண்டுமானால், அந்தக் கோட்டை வேறு கேட் (கணினி வரைபட) மென்பொருளில் பிரித்து வரைந்து, ஸ்டெப் என்ற வடிவக் கோப்பாகக் கொண்டுவரலாம். முன்கூட்டியே திட்டமிட்டால் தொல்லையில்லை. மெஷ் போட்ட (துண்டுகளாகப் பிரித்த) பிறகு நினைவுக்கு வந்தால் பாதி வேலை மறுபடியும்.

பளுவில் ஒரு பக்கம் மேலெழும்பும் பீம்களுக்கு ‘கம்ப்ரெஷன் ஒன்லி’ என்றொரு கட்டுப்பாடும் உண்டு. அழுத்தினால் தாங்கும், தூக்கினால் விட்டுவிடும். சும்மா வைத்த தாங்கலுக்கு இதைப் பயன்படுத்துங்கள். மேலும் கீழும் பிடிக்கும் கட்டுப்பாட்டை அங்கே போட்டால், இல்லாத போல்ட் ஒன்று பீமைக் கீழே இழுத்துக்கொண்டிருப்பதாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும்.