டிஎன்எஸ்மாஸ்க்: ஒரு கோப்பு, எட்டுக் கணினி

என் கணினிகளுக்கெல்லாம் பறவைப் பெயர்தான். மைனா, கொக்கு, ஆந்தை என்று இப்போது எட்டு இருக்கின்றன. ராத்திரி முழுக்க விழித்திருந்து பேக்கப் எடுப்பதால் ஆந்தைக்கு அந்தப் பெயர். பெயர் வைப்பதில் சிரமமே இல்லை. ஒன்றின் பெயரை மற்றவற்றுக்குத் தெரியவைப்பதில்தான் இருந்தது சிரமம். ஒவ்வொரு கணினியிலும் எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்ற பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து, ஐபி முகவரியையும் பெயரையும் கையால் எழுதிவந்தேன். ஆந்தையின் முகவரி மாறினால் எல்லாக் கணினியிலும் போய்த் திருத்த வேண்டும். வழக்கம்போல ஒன்று விட்டுப்போகும். எது என்பது ஒரு மாதம் கழித்துத் தெரியும்.

இணையத்தின் முன்னோடி வலையமைப்பும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஓடியது. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பெயர்ப் பட்டியல் இருக்கும், எல்லோரும் அதன் நகலை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். நான் என் ஒரே அறைக்குள் அந்தப் பழைய முறையையே ஆண்டுக்கணக்கில் கட்டி மாரடித்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளாக அந்த வேலையை டிஎன்எஸ்மாஸ்க் பார்த்துக்கொள்கிறது. சைமன் கெல்லி எழுதிய சின்ன கட்டற்ற மென்பொருள், உள்வலைக்கான ஒரு குட்டி டிஎன்எஸ் சர்வர். எனக்குப் பிடித்த விஷயம், நாம் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையே எடுத்துப் படித்து, கேட்கிற கணினிகளுக்கெல்லாம் பதில் சொல்கிறது. முழு டிஎன்எஸ் சர்வர்களில் எழுதுவதுபோல சோன் கோப்பு என்ற தனிப் பட்டியல், அதைத் திருத்தும்போதெல்லாம் கூட்ட வேண்டிய வரிசை எண் என்று எதுவும் வேண்டாம். தனக்குத் தெரியாத பெயரை வெளியே இருக்கும் சர்வரிடம் கேட்டு, வந்த பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும். நினைவில் வைப்பது இயல்பாக 150 பெயர்தான். நான் 1000 ஆக்கிவிட்டேன். டிஎன்எஸ்ஸிடம் கேட்டுப் பார்க்க உதவும் டிக் கட்டளையில் ஒரு பெயரை இரண்டாவது முறை கேட்டால் 0 மில்லிசெகண்ட் என்று காட்டும்.

நிறுவியதும் ஓடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல லினக்ஸ்களில் பெயர்களைத் தேடித்தரும் சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற சேவை, டிஎன்எஸ் கேள்விகள் வந்து சேரும் 53-ஆம் போர்ட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அங்கே காதுகொடுத்துக் கேட்கும் அதன் ஸ்டப் லிசனரை அணைத்தால்தான் டிஎன்எஸ்மாஸ்க்குக்கு இடம் கிடைக்கும். கட்டமைப்புக் கோப்பு நூற்றுக்கணக்கான வரி நீளம், கிட்டத்தட்ட எல்லாமே செயல்படாதபடி கருத்துரைக் குறி போட்ட வரிகள். மிரண்டுவிடாமல் பொறுமையாகப் படியுங்கள், பாடமே அதற்குள்தான் இருக்கிறது. நான் செயலில் வைத்திருப்பது பத்து வரிக்கும் குறைவு. புள்ளி இல்லாத வெற்றுப் பெயர்களை வெளியே அனுப்பாதிருக்க ஒரு வரி, உள்வலை முகவரிகளைப் பற்றிய தலைகீழ்க் கேள்விகளை (முகவரியைக் கொடுத்துப் பெயரைக் கேட்பது) வெளியே விடாதிருக்க இன்னொன்று. இந்த இரண்டையும் மறக்காதீர்கள். உள்வலைப் பெயர்களுக்கு 'லோக்கல்' என்ற பின்னொட்டு வேண்டாம், அது சர்வர் இல்லாமலே கணினிகள் தங்களுக்குள் பெயர் கேட்டுக்கொள்ளும் எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. இதற்கென்றே 2018-ல் 'ஹோம் டாட் ஆர்ப்பா' என்று ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இனி என் மானம் போன கதை.

டிஎன்எஸ்மாஸ்க் போடுவதற்காகவே டெபியன் லினக்ஸ் நிறுவி, காகம் என்று ஒரு புதுக் கணினி வைத்தேன். மறுநாள் மைனாவில் உட்கார்ந்து இன்னொரு கணினிக்குள் வலை வழியே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகக் காகத்துக்குள் நுழைந்தேன். எதிர்க் கணினியின் இந்த அடையாளச் சாவியை நம்பலாமா என்று கேட்டது, படிக்காமலே யெஸ் அடித்தேன். உள்ளே போனால் கட்டமைப்புக் கோப்பைக் காணோம். சேவையின் நிலையைக் கேட்டால் அப்படி ஒரு சேவையே இல்லை என்கிறது. நேற்று நிறுவியது எங்கே போனது? சரி, ஏதோ கோளாறு என்று மறுபடி நிறுவினேன். அப்படியும் நேற்று எழுதிய வரிகள் வரவில்லை. அரை மணி நேரம் வட்டு பழுதோ என்றுகூட யோசித்தேன். கடைசியில்தான் கட்டளை வரியின் முன்னால் இருந்த பெயர் கண்ணில் பட்டது: மைனா. நான் மைனாவிலிருந்து மைனாவுக்குள்ளேயே நுழைந்திருக்கிறேன்!

நடந்தது இதுதான். டெபியன் நிறுவும்போது அந்தக் கணினியின் சொந்தப் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்ற முகவரியோடு எழுதிவைக்கும். காகத்துக்குள் இருக்கும்வரை அது சரியான பதில். ஆனால் டிஎன்எஸ்மாஸ்க் அந்த வரியை அப்படியே படித்து, காகம் எங்கே என்று கேட்ட மைனாவுக்கும் 127.0.1.1 என்று சொல்லிவிட்டது. 127-ல் தொடங்கும் முகவரி எந்தக் கணினியில் கேட்டாலும் அந்தக் கணினியையே குறிக்கும். எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளை, அதன்மேல் குற்றமில்லை. இப்போது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படிக்காதே என்று 'நோ ஹோஸ்ட்ஸ்' வரியைப் போட்டுவிட்டு, 'ஆட்என் ஹோஸ்ட்ஸ்' வரியில் தனியாக ஒரு பட்டியலைக் காட்டியிருக்கிறேன். நீங்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

குறை என்று பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அனுப்பும் சிக்ஹப் என்ற சமிக்ஞையைக் கொடுத்தால் பெயர்ப் பட்டியலை மறுபடி படிக்கும், நினைவையும் துடைத்துவிடும். ஆனால் முதன்மைக் கட்டமைப்புக் கோப்பைத் தொடாது. அதற்கு மறுதொடக்கம்தான் வழி. இது தெரியாமல் ஒரே வரியை நான் ஐந்து விதமாக மாற்றி எழுதிப் பார்த்தது உண்டு. அப்புறம், 'அட்ரஸ்' வரியில் ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குக் கீழே வரும் எல்லாத் துணைப் பெயர்களுக்கும் அதே பதிலைச் சொல்லும். அந்தப் பெயர் ஒன்றுக்கு மட்டும் வேண்டுமானால் 'ஹோஸ்ட் ரெக்கார்டு' என்று எழுத வேண்டும்.

காகம் படுத்துவிட்டால் எல்லாப் பெயர்களும் அதோடு படுத்துவிடும் என்பதும் உண்மை. உதிரியாக ஒரு பொது டிஎன்எஸ் முகவரியை எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் கோப்பில் இரண்டாவதாகப் போட்டுப் பார்த்தேன். முதலாவதிடம் கேட்டுவிட்டு லினக்ஸ் இயல்பாக 5 நொடி காத்திருக்கும், பிறகுதான் இரண்டாவதிடம் போகும். போனாலும் அந்தப் பொது சர்வருக்கு ஆந்தையைத் தெரியாது. எடுத்துவிட்டேன்.

சோதிக்கும்போது ஒரு விஷயம். டிக் நேராக டிஎன்எஸ்ஸிடம் கேட்கும், கணினியின் சொந்த ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது. மற்ற நிரல்களுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று தெரிய 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். இரண்டும் சரியாகச் சொல்லியும் பிரவுசர் மட்டும் அடம்பிடித்தால், அதில் ஹெச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ் (நம் சர்வரை விட்டுவிட்டு வெளியே நேராகக் கேட்பது) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் கொக்கில் அதுதான் பிரச்சினை.

பதிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் இதில் டிஎன்எஸ்பூக் என்ற பெயரில் ஏழு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன, 2.83-ல் அடைத்தார்கள். கணினியில் புதுப்பிப்பது ஒரு கட்டளை. இதே மென்பொருள் பல ரவுட்டர்களுக்குள்ளும் இருக்கிறது, அங்கே தயாரித்தவர் புதுப்பிப்பு விட்டால்தான் உண்டு.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் சிக்ஹப்புக்காகக் கழித்தது. 127.0.1.1-க்குக் கழிக்கவில்லை, அன்றைக்கு யெஸ் அடித்தது நான். மைனாவில் அன்று தவறுதலாக நிறுவிய டிஎன்எஸ்மாஸ்க் இன்னும் அப்படியே கிடக்கிறது. இந்த வாரமாவது நீக்க வேண்டும்.